உளவியல் பாடநூலில் இத்தனை கொள்கைகள் இருக்கின்றன, எதை நம்பிப் படிப்பது?

தையல்மகள் | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் உளவியல் படித்தவள் இல்லை, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு மூளையில் தொற்று வந்து பிழைத்து எழுந்தார். அதிலிருந்து புதிதாக எதுவும் அவர் மனதில் தங்குவதில்லை. பத்து நிமிடத்துக்கு முன் யார் வந்து போனார்கள் என்று கேட்டால் தெரியாது. சாப்பிட்டாச்சா என்றால் என் முகத்தைப் பார்ப்பார். ஆனால் தையல் மிஷினில் உட்காரவைத்தால் சட்டைக் காலரை ஒரு நூல் பிசகாமல் தைக்கிறார். மறதி என்றால் எல்லாமேதானே போக வேண்டும்? கையில் மட்டும் எப்படி மிச்சம் இருக்கிறது?

இந்தக் கேள்விதான் என்னை உளவியல் பக்கம் இழுத்தது. ஒரு அறிமுகப் பாடநூல் வாங்கி நூறு பக்கம் படித்துவிட்டேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. ஒருவர் மனதுக்குள் பார்க்கச் சொல்கிறார். அடுத்த அத்தியாயத்தில் இன்னொருவர், உள்ளே பார்க்கவே கூடாது, நடத்தையை மட்டும் பார் என்கிறார். வேறொருவர் எல்லாம் குழந்தைப் பருவத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்கிறார். கணக்கில் ஒரு விடை தப்பென்றால் அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவோம். இங்கே தப்பென்று ஆன கொள்கைகளையும் ஏன் வரிசையாகப் படிக்க வைக்கிறார்கள்? கடைசியில் எதுதான் சரி?


பட்டாம்பூச்சி | வெள்ளி, இரவு 10.15

அக்கா, நான் முதலாண்டு உளவியல் மாணவி. எனக்கும் இதே திண்டாட்டம்தான். வுண்ட் என்றால் அமைப்புவாதம், ஜேம்ஸ் என்றால் செயற்பாட்டுவாதம், வாட்சன் என்றால் நடத்தைவாதம் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எல்லாம் கலந்துவிடுகிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். கிளைகள் எத்தனை, எது எதில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


கரும்பலகை | சனி, காலை 6.30

இருபத்திரண்டு வருடம் இந்தப் பாடத்தை முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். உங்கள் இருவருக்கும் வந்த குழப்பம் எல்லா வருடமும், எல்லா வகுப்பிலும் வந்தது. அதற்கு நான் கண்ட ஒரே வழி இதுதான்: ஒரு கொள்கையைப் படிக்கும்போது 'இவர் என்ன சொன்னார்' என்று தொடங்காதீர்கள். 'இவர் எதைப் பார்த்தார், அதை எப்படி அளந்தார்' என்று தொடங்குங்கள். அளக்கும் கருவி மாறும்போதெல்லாம் கொள்கை மாறியிருக்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால் வரலாறு சண்டையாகத் தெரியாது.

முதலிலிருந்தே வருவோம். எண்ணம் என்பதை அளக்கவே முடியாது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை ஒருநாளும் அளக்க முடியாது என்றார் உடலியல் அறிஞர் மியுல்லர். அவரிடமே படித்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் ஒரு தவளையின் நரம்பை எடுத்து அளந்தே காட்டினார். நொடிக்குச் சுமார் 30 மீட்டர். ஒலியைவிடப் பல மடங்கு குறைவு! உணர்வதற்கும் அசைவதற்கும் நேரம் பிடிக்கிறது என்றால், அந்த நேரத்தை ஆராயலாம் அல்லவா? டோண்டர்ஸ் 1868-இல் அதைத்தான் செய்தார். விளக்கு எரிந்தால் கையை அசை என்பது எளிய வேலை. வலப்பக்கம் எரிந்தால் வலக்கை, இடப்பக்கம் எரிந்தால் இடக்கை என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய வேலை. இரண்டாவதன் நேரத்திலிருந்து முதலாவதைக் கழித்தால், முடிவெடுக்க மனம் எடுத்துக்கொண்ட நேரம் கிடைக்கும். ஒரு கழித்தல் கணக்கில் மனம் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டது. தையல்மகள், கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வுண்ட் 1879-இல் லைப்சிக் நகரில் ஆய்வகம் தொடங்கியதை உளவியலின் பிறந்தநாள் என்று எழுதுகிறோம். அவருக்கு முன் ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. மாணவர்களைச் சேர்த்து, சோதனை செய்ய வைத்து, முனைவர் பட்டம் வரை கொண்டுபோகும் ஓர் இடம் அப்போதுதான் அமைந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து படித்துவிட்டு, ஊர் திரும்பித் தாங்களும் ஆய்வகம் தொடங்கினார்கள்.

பட்டாம்பூச்சி, உங்கள் அட்டவணையில் ஒரு திருத்தம். அமைப்புவாதத்தை வுண்ட் தலையில் ஏற்றாதீர்கள். அது அவருடைய மாணவர் டிச்னர் 1892-இல் கார்னெல் போன பிறகு வளர்த்தது. மனஅனுபவத்தை மிகச்சிறிய கூறுகளாகப் பிரிப்பது டிச்னரின் வேலை. வுண்டுக்கு மனம் அந்தக் கூறுகளை எப்படித் தானே ஒன்றுசேர்க்கிறது என்பதில்தான் அக்கறை அதிகம். பிற்காலத்தில் மொழி, வழக்கம், தொன்மம் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார், ஏனென்றால் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் அளக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

டிச்னரின் கருவி அகநோக்கு. பயிற்சி பெற்ற ஒருவர் தன் அனுபவத்தைத் தானே கவனித்துச் சொல்வது. அதில்தான் சிக்கல் வந்தது. படிமமே, அதாவது மனக்கண்ணில் எந்தக் காட்சியுமே, இல்லாமல் எண்ணம் ஓடுமா என்று ஒரு கேள்வி. ஓடும் என்றார்கள் வுர்ட்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்கள். ஓடாது, நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்றார் டிச்னர். இரண்டு பக்கமும் பயிற்சி பெற்றவர்கள். யார் சொல்வது சரி என்று தீர்க்க மூன்றாவது ஆள் எட்டிப் பார்க்க வழியில்லை. வாட்சன் 1913-இல் 'உள்ளே பார்க்கவே வேண்டாம்' என்று எழுதியதை இந்த முட்டுச்சந்தை வைத்துப் படித்துப் பாருங்கள். வீம்பாகத் தோன்றாது. தீர்க்க முடியாத வழக்கிலிருந்து வெளியே வர அவர் கண்ட வழி அது.

மீதியை மாலையில் எழுதுகிறேன்.


நடுநிசி | சனி, காலை 11.05

கரும்பலகை சார், நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. எதை எப்படி அளந்தார் என்று பார்க்கச் சொல்கிறீர்கள். அப்படிப் பார்த்தால், குழந்தைப் பருவத்தையும் நனவிலி மனதையும் பேசிய ஃபிராய்டு எதை அளந்தார்? எனக்குத் தெரிந்து எதையும் அளக்கவில்லை. ஒருவருக்கு அப்பா மேல் கோபம் இருந்தால் கொள்கை சரி. கோபம் இல்லை என்றால் அதை அமுக்கி வைத்திருக்கிறார், அப்போதும் கொள்கை சரி. எப்படி விழுந்தாலும் ஜெயிக்கும் கொள்கையை அறிவியல் என்று எப்படிச் சொல்வது? அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் சொன்ன குறையே இதுதான். நான் பொறியியல் படித்தவன். இதைப் பாடநூலிலிருந்து எடுத்துவிடுவதுதான் நேர்மை என்று மனதார நம்புகிறேன்.


ஆழ்கிணறு | சனி, மதியம் 2.20

நடுநிசி, நான் மருத்துவ உளவியலாளராக வேலை செய்கிறேன். உங்கள் குறையை ஏற்றுக்கொள்கிறேன். இடிப்பஸ் சிக்கல் (மகனுக்குத் தாய் மேல் ஆசை, தந்தை மேல் பொறாமை என்ற கருத்து), பாலியல் வளர்ச்சிப் படிநிலைகள் எல்லாம் இன்று யாருடைய சிகிச்சைக்கும் ஆதாரமாக நிற்கக்கூடியவை இல்லை. நானும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

ஆனால் எடுத்துவிடலாம் என்பதை ஏற்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன். ஃபிராய்டு அளக்கவில்லை, கேட்டார். அவருடைய கருவி காது. அதற்கு முன் ஹிஸ்டீரியா என்று பெயர் வைத்த பெண்களை மருத்துவர்கள் பார்த்தார்கள், தொட்டார்கள், மின்சாரம் கொடுத்தார்கள். உட்கார்ந்து முழுக்கக் கேட்டவர்கள் குறைவு. பிராயர் என்ற மருத்துவரும் ஃபிராய்டும் 1895-இல் சேர்ந்து வெளியிட்ட நூலில் அன்னா ஓ என்று மாற்றுப்பெயரில் வரும் பெண்தான் இந்த முறைக்குப் 'பேச்சு வைத்தியம்' என்று முதலில் பெயர் சூட்டினார். நோயாளி வைத்த பெயர் அது. இன்றைக்கு ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்து ஐம்பது நிமிடம் பேசுகிறார் என்றால், அந்த ஏற்பாட்டின் வேர் அங்கே இருக்கிறது.

இன்னொன்று. ஆரன் பெக் என்பவரைப் படியுங்கள். அவர் ஃபிராய்டின் முறையான உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்முகமாகத் திரும்பிய கோபம் என்ற ஃபிராய்டிய விளக்கத்தை நிரூபிக்கத்தான் கிளம்பினார். மனச்சோர்வு உள்ளவர்களின் கனவுகளைச் சேகரித்து, கோபமும் பகையும் தென்படுகின்றனவா என்று தேடினார். கிடைத்தது வேறு. இழப்பு, தோல்வி, யாரும் தன்னை வேண்டாம் என்று ஒதுக்குவது, இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. அவர்கள் விழித்திருக்கும்போது தங்களைப் பற்றி நினைப்பதும் அதேதான். கனவில் ஒளிந்திருந்து வேறெதையோ சொல்லவில்லை. தான் நம்பி வந்த கொள்கை சரியில்லை என்று தரவு காட்டியதும் அவர் தரவின் பக்கம் போனார். 1960-களில் அதிலிருந்து வளர்ந்ததுதான், எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அறிதல் சிகிச்சை. இன்று அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்று உலகம் முழுக்கக் கொடுப்பதில் பாதி அவருடையது. ஃபிராய்டை எடுத்துவிட்டால் பெக் எந்தக் கேள்வியிலிருந்து புறப்பட்டார் என்றே மாணவர்களுக்குத் தெரியாமல் போகும்.

மீதிப் பாதி நடத்தைவாதிகளுடையது. அதையும் சொல்லியாக வேண்டும். வாட்சனும் ரெய்னரும் 1920-இல் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைப் பார்த்தால் பயம் வருமாறு பழக்கிய சோதனை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பினார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். நான்கு வருடம் கழித்து மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் செய்த வேலை அதே பாடநூலில் இரண்டு வரிகூட வருவதில்லை. பீட்டர் என்று அவர் குறிப்பிடும் மூன்று வயதுப் பிள்ளைக்கு முயல் என்றால் பயம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டுத் தடவினான். இன்று பயக் கோளாறுகளுக்கு நாங்கள் செய்யும் படிப்படியான எதிர்கொள்ளலுக்கு முன்னோடி அந்த வேலை. பட்டாம்பூச்சி, உங்கள் அட்டவணையில் இந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.


நடுநிசி | சனி, மாலை 4.50

பெக் விஷயம் எனக்குத் தெரியாது. அவர் கனவுகளை எண்ணிப் பார்த்தார் என்பது முக்கியம். அப்படியென்றால் ஃபிராய்டைக் 'கொள்கை' என்ற தலைப்பில் வைக்காமல் 'கேள்வி' என்ற தலைப்பில் வைத்து நடத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.


கரும்பலகை | சனி, இரவு 8.10

இது நல்ல யோசனை. வகுப்பில் நான் இப்படி யோசித்ததில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நடத்தைவாதத்துக்குக் கருவி கொடுத்தவர் பாவ்லவ். அவர் நோபல் பரிசு வாங்கியது 1904-இல், செரிமானம் பற்றிய ஆய்வுக்கு. நாயின் எச்சிலைக் குழாய் வைத்துத் துளித்துளியாக அளக்கும் ஏற்பாடு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. உணவு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைப் பார்த்ததுமே எச்சில் ஊறுவதைக் கவனித்தபோது, கற்றலைத் துளிக்கணக்கில் அளக்க முடியும் என்று ஆனது. எல்லோரும் மணி என்று சொல்வார்கள், அவர் அதிகம் பயன்படுத்தியது தாளக்கருவியான மெட்ரோனோம் போன்றவற்றை. அமெரிக்காவில் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து, வெளியே வர எடுத்த நேரம் முறைக்கு முறை குறைவதைக் குறித்தார். ஸ்கின்னர் அதைத் தானே பதிவாகும் நெம்புகோல் பெட்டியாக்கினார். வலுவூட்டல், அதாவது ஒரு செயலுக்குப் பின் வரும் பரிசு, எப்போது கிடைக்கிறது என்பதை மாற்றினால் நடத்தையின் வேகமும் விடாப்பிடியும் எப்படி மாறுகின்றன என்று வரைபடமாகவே காட்டினார். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் விலங்கை அதிகம் விடாமல் முயல வைக்கிறது. கைப்பேசியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் யாருக்கும் இது புரியும்.

சரி, அப்புறம் ஏன் நடத்தைவாதம் தளர்ந்தது? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இங்கேதான் வருகிறது. டோல்மனும் ஹான்சிக்கும் 1930-இல் வெளியிட்டது. எலிகளை மூன்று குழுவாகப் பிரித்துச் சிக்கல்வழியில் விட்டார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் முடிவில் உணவு. தவறுகள் நாளுக்கு நாள் குறைந்தன. இன்னொரு குழுவுக்கு உணவே இல்லை. அவை பெரிதாக முன்னேறவில்லை. மூன்றாம் குழுவுக்குப் பத்து நாள் ஒன்றும் கிடையாது, பதினோராம் நாள் முதல்முறையாக உணவு. வலுவூட்டலால்தான் கற்றல் என்றால் இந்த எலிகள் அன்றிலிருந்துதான் மெல்லத் தொடங்க வேண்டும். ஆனால் மறுநாளே, தினமும் உணவு வாங்கிய குழுவுக்குச் சமமாக ஓடின. அந்தப் பத்து நாளும் சும்மா சுற்றியதாகத் தெரிந்ததே, அப்போதே வழியைக் கற்றுவிட்டிருக்கின்றன. காட்டத் தேவை வராததால் காட்டவில்லை. எலியின் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது என்றார் டோல்மன். நடத்தையை மட்டுமே அளந்து, நடத்தைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டிவிட்டார்! வகுப்பில் இந்த இடம் வரும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குப் புல்லரிக்கும்.

1950-களில் இந்த வழி பெரிதாகத் திறந்தது. மில்லர் 1956-இல் உடனடி நினைவில் ஏழு உருப்படி அளவில்தான் தங்கும் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் நான்கு அளவுதான் என்று குறைத்திருக்கிறார்கள். ஸ்கின்னர் 1957-இல் மொழியையும் வலுவூட்டலால் விளக்கி நூல் எழுத, சாம்ஸ்கி 1959-இல் கடுமையான மதிப்புரை எழுதினார். கேட்டே இராத வாக்கியத்தைக் குழந்தை புதிதாக உருவாக்குகிறதே, அதற்கு எந்தப் பரிசு காரணம் என்ற கேள்விக்கு நடத்தைவாதத்திடம் நல்ல பதில் இல்லை. 1967-இல் நைசர் எழுதிய நூலோடு அறிதல் உளவியல் என்ற பெயரும் நிலைத்தது.

மனம் கூறுகளாக அல்ல, முழுமையாகவே பார்க்கிறது என்ற கெஸ்டால்ட்காரர்களை விரிவாகச் சொல்ல ஆசை, நேரமில்லை. வெர்ட்ஹைமர் 1912-இல், அடுத்தடுத்து ஒளிரும் இரண்டு கோடுகள் ஒரே கோடு நகர்வதாகத் தெரிவதை ஆராய்ந்தார். நகர்வு எந்தக் கோட்டிலும் இல்லை, பார்க்கும் மனம்தான் அதைக் கூட்டுகிறது. கூறுகளாகப் பிரித்தால் மனம் பிடிபட்டுவிடும் என்ற டிச்னரின் நம்பிக்கைக்கு அது நேர் எதிர். மனிதநேய உளவியலில் மாஸ்லோ, ரோஜர்ஸ் இருவரையும் படியுங்கள், அதிலும் ரோஜர்ஸை நிதானமாக. மாஸ்லோ மனிதத் தேவைகளின் படிநிலை பற்றி 1943-இல் எழுதிய கட்டுரையில், பாடநூல்களில் வரும் பிரமிடு கிடையாது. அந்தப் படத்தைப் பின்னால் மேலாண்மைத் துறையினர் வரைந்தார்கள்.

'எப்படி அளந்தார்' என்பதன் கனம் எவ்வளவு என்பதற்கு வளர்ச்சி உளவியலிலிருந்து ஓர் உதாரணம் சொல்லி நிறுத்துகிறேன். ஒரு பொம்மையைத் துணியால் மூடினால் எட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை அதைத் தேடுவதில்லை. கண்ணில் படாத பொருள் இன்னும் இருக்கிறது என்ற அறிவு குழந்தைக்கு வரவில்லை என்றார் பியாஜே. அவர் பார்த்தது கையை. பையார்ஜானும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் ஐந்து மாதக் குழந்தைகளின் கண்ணைப் பார்த்தார்கள். ஒரு பெட்டிக்கு முன்னால் பலகை எழுந்து பெட்டியை மறைக்கிறது. பிறகு பெட்டியே அங்கு இல்லாதது போலப் பலகை பின்னால் முழுக்கச் சாய்ந்துவிடுகிறது. குழந்தைகள் அதையே நெடுநேரம் பார்த்தன. பெட்டி இருக்க வேண்டுமே என்ற எதிர்பார்ப்பு இருந்தால்தான் அப்படிப் பார்க்கும். கையைப் பார்த்தால் ஒரு விடை, கண்ணைப் பார்த்தால் வேறு விடை. தையல்மகள், 'எது சரி' என்ற உங்கள் கேள்விக்கு நான் ஏன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.


பட்டாம்பூச்சி | சனி, இரவு 9.30

சார், எலி சோதனையை இப்போதே அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினேன், ஒரு இடத்திலும் மறக்கவில்லை. கிளைகள் மட்டும் பாக்கி.


ஆழ்கிணறு | ஞாயிறு, காலை 7.45

கிளைகளை நான் சொல்கிறேன், சுருக்கமாக. கிளை வேறு, பள்ளி வேறு. பள்ளி என்பது பார்வை, கிளை என்பது பார்க்கும் இடம். நினைவு, கவனம், மொழி ஆகியவற்றைப் பார்ப்பது அறிதல் உளவியல். பிறப்பு முதல் முதுமை வரை வரும் மாற்றம் வளர்ச்சி உளவியல். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பதால் நாம் எப்படி மாறுகிறோம் என்பது சமூக உளவியல். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு ஆளுமை உளவியல், அதில் இன்று அதிகம் நிற்பது ஐந்து பெரும் பண்புகள் என்ற மாதிரி. மூளையோடு இணைத்துப் பார்ப்பது நரம்பு உளவியல். துன்பத்தைக் கண்டறிந்து சிகிச்சை தருவது மருத்துவ உளவியல். கல்வி, தொழில், விளையாட்டு, சட்டம் என்று பயன்பாட்டுக் கிளைகள் நீண்டுகொண்டே போகும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து மருந்து எழுதுபவர். உளவியலாளர் உளவியல் படித்து மதிப்பீடும் பேச்சுச் சிகிச்சையும் செய்பவர். பல நேரம் இருவரும் சேர்ந்து பார்த்தால்தான் ஒருவர் தேறுவார்.


எண்கணக்கு | ஞாயிறு, காலை 10.20

நான் புள்ளியியல்காரன். மேலே வந்த எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. 2015-இல் பெரிய ஆய்வாளர் குழு ஒன்று உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முறையில் விளைவு உண்டு என்று சொன்னவை. மறுசோதனையில் அப்படி வந்தது சுமார் 36 சதவீதம். மனவுறுதி என்பது தசை போலக் களைத்துப்போகும் என்று புகழ்பெற்ற கருத்தும் 2016-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது நிற்கவில்லை.

மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்துப் போலிச் சிறையில் வைத்த 1971 ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையும் அப்படியே. இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறு நாளில் நிறுத்தினார்கள். காவலர்கள் தாங்களாகக் கொடூரமாக மாறினார்கள் என்றுதான் நெடுநாள் கற்பித்தார்கள். பின்னால் வெளிவந்த பதிவுகளில், எப்படிக் கடுமையாக நடக்க வேண்டும் என்று நடத்தியவர்களே காவலர்களைத் தூண்டியது தெரிகிறது. பாடநூலில் அது இருந்தால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

யாரை வைத்துச் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். முக்கிய இதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008-இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. அதை வைத்து 'மனித மனம் இப்படி' என்று எழுதுவது அநியாயம்.


நடுநிசி | ஞாயிறு, காலை 10.55

எண்கணக்கு, நூற்றுக்கு 36 என்றால் மிச்சத்தை எப்படி நம்புவது? எது நிற்கும், எது விழும் என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?


எண்கணக்கு | ஞாயிறு, மதியம் 12.30

கேட்க வேண்டிய கேள்வி. சிவப்பு மையில் 'பச்சை' என்று எழுதியிருந்தால் மையின் நிறத்தைச் சொல்லத் தடுமாறுவோம். ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்டது, இன்று எந்த வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம், வரும். எபிங்ஹவுஸ் 1885-இல் தன்னை மட்டுமே வைத்து, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து செய்து மறதியின் வளைகோட்டை வரைந்தார். முதலில் சரசரவென்று இறங்கி, பிறகு மெல்ல இறங்கும் கோடு. 130 வருடம் கழித்து 2015-இல் திரும்பச் செய்தபோதும் ஏறக்குறைய அதே கோடு வந்தது. ஒரே ஆள், ஆனால் ஆயிரக்கணக்கான அளவீடுகள். ஒவ்வொரு ஆளையும் பலமுறை அளந்த பழைய ஆய்வுகள் நிற்கின்றன. சிலரை ஒரே முறை அளந்து, கேட்பதற்கு வியப்பான முடிவைச் சொன்னவை அதிகம் விழுந்தன. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது.

அதிகாரத்துக்கு மனிதர்கள் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார்கள் என்று சோதித்த மில்கிராமைக் கேட்பீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். அதிகாரி சொன்னதால், இன்னொருவருக்கு மின்சாரம் பாய்ச்சும் விசையை 450 வோல்ட் வரை அழுத்தியவர்கள் அவருடைய முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர். அடுத்த அறையில் இருந்தவருக்கு உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. அந்த மாதிரி இன்று செய்ய நெறி இடம் கொடுக்காது. 2009-இல் வந்த மறுசோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தினார்கள். அதுவரை ஏறக்குறைய பழையபடியே கீழ்ப்படிந்தார்கள்.

அப்புறம், இந்தக் குறைகளைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர்களும் உளவியலாளர்களே. இப்போது என்ன எதிர்பார்க்கிறோம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதைச் சோதனைக்கு முன்பே பதிவு செய்துவிட்டுச் செய்கிறார்கள். இந்தத் துறை மேல் எனக்கு மதிப்பு கூடியது அதனால்தான்.


தையல்மகள் | ஞாயிறு, மாலை 5.15

எல்லோருக்கும் நன்றி. மூன்று முறை படித்துவிட்டேன். என் கேள்வியையே நான் தப்பாகக் கேட்டிருக்கிறேன் என்று தெரிகிறது. அப்பா விஷயத்தில் கை, கண் என்று கரும்பலகை சார் சொன்னது அப்படியே பொருந்துகிறது. நாங்கள் அப்பாவின் வாயைத்தான் அளந்துகொண்டிருந்தோமோ? வாய் 'தெரியாது' என்கிறது, கை தைக்கிறது. இதைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?


ஆழ்கிணறு | ஞாயிறு, இரவு 8.40

ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் ஒரே மனிதரை ஐம்பது வருடத்துக்கு மேல். ஹென்றி மொலேசன் என்பவர். உயிரோடு இருந்தவரை அவரைக் காக்க எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே குறிப்பிட்டார்கள். கடுமையான வலிப்புக்காக 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், மூளையின் இரண்டு பக்கமும், புதிய நினைவுகள் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் உள்ள பகுதியை அறுவைசிகிச்சையில் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிய அனுபவம் எதுவும் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் வருடக்கணக்காகப் போய்ச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்தார், கண்ணாடியில் மட்டும் பார்த்து அதன் மேல் கோடு இழுக்க வேண்டும். எல்லோருக்கும் முதலில் கை கோணலாகத்தான் போகும். மூன்று நாள் செய்ததில் ஹென்றியின் கோடு நன்றாகத் திருந்திவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தக் காகிதத்தை முதல்முறை பார்ப்பதாகத்தான் சொன்னார். நினைவு என்பது ஒரே பெட்டி என்ற எண்ணம் அதோடு உடைந்தது. நடந்ததை எடுத்துச் சொல்லும் நினைவு ஒன்று, செய்கையில் இருக்கும் நினைவு இன்னொன்று. இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு பாதைகள். உங்கள் அப்பா தைப்பது இந்த இரண்டாவதால். ஹென்றி 2008-இல் காலமானார். தன்னால் மற்றவர்களுக்கு உதவி கிடைக்கிறது என்பதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்ததாக அவரோடு வேலை செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு இதில் ஒரு பயன் உண்டு. அப்பாவிடம் 'யோசிச்சுப் பாருங்க, எங்கே வெச்சீங்க' என்று கேட்காதீர்கள். ஊகித்துத் தப்பாகச் சொன்னால், தப்பு என்று பிறகு நினைவு இருக்காது, ஆனால் அந்தத் தப்பான விடை மட்டும் பதிந்துவிடும். பேட்லியும் வில்சனும் 1994-இல் இதைக் காட்டினார்கள். பிழைக்கு இடம் தராமல் கற்பிப்பது என்று இந்த முறைக்குப் பெயர். சரியான விடையை நீங்களே முதலில் சொல்லி, அவர் கையாலேயே செய்ய வையுங்கள், தினமும் ஒரே மாதிரி. ஒரு நேரத்தில் ஒரே பழக்கம் போதும். இதோடு, ஒரு நரம்பு உளவியலாளரிடம் முழு மதிப்பீடு செய்து, எது போயிருக்கிறது, எது இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். நான் அவரைப் பார்க்காமல் சொல்வது ஓரளவுக்குத்தான்.


தையல்மகள் | நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 9.00

இழையை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவின் கண்ணாடி தினமும் காணாமல் போகும், தினமும் சண்டை. ஆழ்கிணறு சொன்னபடி, மிஷினுக்கு வலப்பக்க இழுப்பறைதான் கண்ணாடிக்கு இடம் என்று வைத்தோம். 'எங்கே' என்று யாரும் கேட்பதில்லை. 'கண்ணாடி வலது இழுப்பறையில் அப்பா' என்று சொல்லி அவரே திறந்து எடுக்கும்படி செய்தோம். மாலையில் அவரே அதில் வைப்பார். தினமும் இதேதான்.

நேற்று நான் ஒன்றும் சொல்லவில்லை, வேண்டுமென்றே சும்மா நின்றேன். அப்பா மிஷினில் உட்கார்ந்தார், துணியை எடுத்தார், கண்ணைச் சுருக்கினார். கை வலப்பக்கம் போய் இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டது. "கண்ணாடி எங்கே இருக்குன்னு எப்படிப்பா தெரிஞ்சுது" என்று கேட்டேன். "எனக்கு எப்படிம்மா தெரியும், நீதான் எடுத்துக் கொடுத்தே" என்றார்.


கரும்பலகை | ஞாயிறு, காலை 9.25

இதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் அம்மா. சொல்லாமல் விட்ட நாட்களில் எத்தனை முறை கை சரியாகப் போகிறது என்று குறியுங்கள். நரம்பு உளவியலாளரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.